வேரடி மண்

ஒன்றை முற்றாக அழிப்பதைக் குறிக்கத் தமிழில் ‘வேரடி மண்ணோடு பெயர்த்தல்’ என்றொரு வழக்கு உண்டு. தீயதொன்றை ஒழிக்க வேண்டும் என்று மேடையேறி முழங்குவோர் இத்தொடரைக் கையாளத் தவறுவதில்லை. வேரோடு பிடுங்கினாலே மரம் வீழ்ந்துவிடும். வேரில் ஒட்டியிருக்கும் மண்ணையும் ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்? மரத்தை வேறோரிடத்தில் வைத்துப் பிழைக்கச் செய்ய எண்ணும் தோட்டக்காரனும் அந்த மண்ணைத்தான் கேட்கிறான். கன்றைப் பெயர்க்கும்போது வேரடி மண் உதிராமல் வாழைச் சருகால் சுற்றிக் கட்டித் தருவது நம் ஊர்ப்புறத்து வழக்கம். அழிப்பவனும் காப்பவனும் ஒருசேரக் கருதும் அந்தக் கையளவு மண்ணில் என்னதான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1904ஆம் ஆண்டில் ஹில்ட்னர் என்னும் ஜெர்மானிய அறிஞர், வேரைச் சூழ்ந்து நிற்கும் மெல்லிய மண்படலம் மற்ற மண்ணினின்றும் வேறுபட்டது என்று கண்டு, அதற்குத் தனிப்பெயர் ஒன்று சூட்டினார். அப்பெயரைத் தமிழில் தருவோர் ‘வேர்மண்டலம்’ என்று எழுதுகின்றனர். ‘வேரடி மண்’ என்னும் சொல் வீட்டிலேயே இருக்க, வெளியே சென்று கடன் வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இப்படலத்தின் கனம் சில மில்லிமீட்டரே. ஆயினும் பாக்டீரியாக்கள் இங்கே பிற இடங்களைவிடப் பன்மடங்கு நெருக்கமாக வாழ்கின்றன. காரணம் எளிது. இலையில் வெயிலைக் கொண்டு சமைத்த சர்க்கரையின் ஒரு பகுதியை மரம் வேர்வழியே மண்ணில் கசியவிடுகிறது. பந்தி நடக்கும் இடத்தில் கூட்டம் கூடுவது இயல்புதானே! உண்பவர்கள் உழைத்துத் திருப்பித் தருவார்கள் என்றே மரம் இலை போடுகிறது.

கொச்சியில், அதிலும் மட்டாஞ்சேரியில் வாழ்பவர்க்கு இச்செய்தி தொலைவானதாகத் தோன்றலாம். இங்கே நிலம் என்பது வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட சந்து. மண் என்பது மழைக்காலத்தில் காலில் ஒட்டுவது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளமே கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்பர். ஆறு கொணர்ந்த மணலும் சேறும் படிந்த இத்தாழ்நிலத்தில் யூதர், குஜராத்தியர், கொங்கணியர், தமிழர் என்று பல மொழியினர் வந்து குடியேறினர். வந்தவர்களுள் பலரை ஈர்த்தது மிளகு. யூதர் தெருவில் 1957இல் தோன்றிய மிளகு வணிகச் சங்கத்தின் கூடத்தில் விலை கூவி வாணிகம் நடந்த காலம் ஒன்று இருந்தது. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் கணக்கெழுதியும் மூட்டை எண்ணியும் மாதிரி எடுத்துக் கொடுத்தும் பிழைத்த குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று.

மிளகை நாங்கள் எடையாலும் மணத்தாலும் அறிவோம். சலித்துப் புடைத்த மிளகை லிட்டர்ப் படியில் அளந்தால் 550 கிராம் நிற்க வேண்டும். நின்றால் அது கப்பலேறத் தக்க சரக்கு. அம்மிளகு எதைத் தின்று அவ்வெடை பெற்றது என்று பண்டகசாலையில் எவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் விடை மிளகுக் கொடியில் கிடைத்திராது. அது தழுவி ஏறிய மரத்தின் அடியில் கிடைத்திருக்கும்.

என் தாய்வழிப் பாட்டனார் தாமிரபரணிக் கரையில், ஆத்தூரில், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். கொடிக்கால் கண்டவர்கள் அறிவர்: வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு அங்கே அகத்தியை வரிசையாக வளர்ப்பார்கள். முதலில் அகத்தி, அது ஆளுயரம் வந்தபின்னரே வெற்றிலை. மலையாள நாட்டு மிளகுத் தோட்டங்களில் அதே இடத்தில் நிற்பது முருக்கு. நாம் கலியாண முருங்கை என்றும் முள்முருங்கை என்றும் சொல்வது இதனையே. நம்மவருள் சில சமூகத்தார் முகூர்த்தக்காலாக நடுவதும், சளிக்கு அடை தட்டித் தருவதும் இம்மரத்தின் கிளையும் இலையுந்தான். வெற்றிலையும் மிளகும் தாவர நூலார் கணக்கில் ஒரே குடும்பத்து உடன்பிறப்புகள். அகத்தியும் முருக்குமோ அவரைக் குடும்பத்து மரங்கள். மலைக்கு அப்பால் ஒருவரும் மலைக்கு இப்பால் ஒருவருமாக, ஒருவரையொருவர் கேளாமலே, ஒரே வகைக் கொடிக்கு ஒரே வகைத் துணையைத் தேர்ந்திருக்கின்றனர். நிழல் மெல்லியது, கிளையை நட்டால் வேர் பிடிக்கும், தழை மாட்டுக்கும் எருவுக்கும் ஆகும் என்று அவர்கள் கண்ட காரணங்கள் பல. காணாத காரணம் ஒன்று மண்ணுக்குள் இருந்தது.

அதனை நான் கண்ணால் கண்டது 2003ஆம் ஆண்டு இடுக்கி மாவட்டத்தில், அடிமாலிக்கு அருகே ஒரு தோட்டத்தில். சரக்குப் பார்க்கச் சென்ற பயணம் அது. அங்கே தேனிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகத் தங்கிவிட்ட பெரியவர் ஒருவர் வேலை பார்த்து வந்தார். மழைவிட்ட பொழுதில் முருக்கின் அடியை மண்வெட்டியால் மெல்லக் கிளறி, மெல்லிய வேரொன்றை எடுத்துக் காட்டினார். வேர் நெடுகச் சிறுசிறு முண்டுகள். சில மிளகளவு, சில அதனினும் பெரியவை. ஒன்றை நகத்தால் கீறிப் பிளந்தார். உள்ளே இளஞ்சிவப்பு.

“இரத்தம் மாதிரி இருக்குது பாருங்கய்யா. இந்தச் செவப்பு இருக்கிற வரைக்கும் மரத்துக்குப் பசி இல்லை,” என்றார்.

அவர் சொன்ன உவமை உவமை மட்டுமன்று. அம்முண்டுகளின் உள்ளே வாழ்வன ரைசோபியம் இனத்தைச் சார்ந்த பாக்டீரியாக்கள். அச்சிவப்புக்குக் காரணம், நம் குருதிக்கு நிறம் தரும் பொருளுக்கு நெருங்கிய உறவான ஒரு புரதம். இஃது ஏன் அங்கே இருக்கிறது என்பது சுவையான கதை. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். மரத்தைச் சுற்றிலும் அது கடல்போல் கிடக்கிறது. ஆனால் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் எந்த மரமும் அதனைத் தானே எடுத்து உண்ண இயலாது. அப்பிணைப்பை அவிழ்க்கும் நொதி சில பாக்டீரியாக்களிடமும் அவற்றை ஒத்த சில நுண்ணுயிர்களிடமும் மட்டுமே உண்டு. அந்த நொதியோ ஆக்சிஜன் பட்டால் கெட்டுப் போகும். பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலை மரம் தீர்த்து வைக்கிறது. முண்டுக்குள் ஆக்சிஜனைத் தாராளமாக விடாமல், அச்சிவப்புப் புரதத்தின் கையில் அளந்தளந்து கொடுத்தனுப்புகிறது. உயிர் வாழவும் போதும், நொதி கெடவும் செய்யாது. உள்ளே சிவந்த முண்டு உழைக்கும் முண்டு. வெளுத்தோ பசுமையாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை என்று பொருள்.

இவ்விருவரும் கூடும் முறையும் வியப்பானது. மண்ணில் தழைச்சத்துக் குறைந்தால் வேர் ஒருவகைப் பொருளைக் கசியவிடுகிறது. அதனை உணர்ந்த பாக்டீரியா தன் பங்குக்கு மற்றொரு பொருளைச் சுரந்து மறுமொழி தருகிறது. மறுமொழி தனக்குரியதாக இருந்தால் வேரின் தூவி வளைந்து பாக்டீரியாவைப் பற்றி, உள்ளே ஒரு வழி அமைத்துக் கொடுக்கிறது. அடையாளச் சொல் பொருந்தாவிடில் கதவு திறப்பதில்லை. 1886இல் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானியர், அவரை இனத்துச் செடிகள் காற்றின் நைட்ரஜனைப் பெறுவது இம்முண்டுகளாலேயே என்று அறிவித்தார். 1888இல் ஹாலந்து நாட்டுப் பெய்ஜரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். நம் உழவர்கள் புங்கந்தழையும் கொளுஞ்சியும் ஆவாரையும் வயலில் மிதித்துவந்த காலத்தை நோக்க இவை நேற்றைய செய்திகள். நைட்ரஜன் உணவை நாம் ‘தழைச்சத்து’ என்கிறோம். தழையை வளர்ப்பது, தழையாலே வருவது என்னும் இரு பொருளும் அச்சொல்லில் பொதிந்து கிடக்கின்றன.

மரம் இதனை இலவசமாகப் பெறுவதில்லை. காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறு ஒன்றைப் பிளக்கப் பாக்டீரியா பெருமளவு ஆற்றலைச் செலவிடுகிறது. அவ்வாற்றல் முழுவதும் மரத்தின் சர்க்கரை. ஆகவே, மண்ணில் வேறு வழியாகத் தழைச்சத்துக் குவிந்தால் மரம் முண்டுகளைக் குறைத்துக் கொள்கிறது. மூட்டை மூட்டையாக யூரியா கொட்டிய நிலத்தில் வேரைத் தோண்டிப் பார்த்தால் முண்டு அரிதாகவே தென்படும். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியதில்லை என்று மரம் கணக்கிட்டுவிடுகிறது. மரத்தின் சிக்கனத்தைக் குறை சொல்ல முடியாது. உரம் நின்ற மறு ஆண்டு பட்டினி கிடப்பதும் அம்மரந்தான் என்பது வேறு.

இங்கே எர்ணாகுளத்து வாசகர்களுக்கு ஒரு செய்தி. முண்டுக்குள் சாதாரண வெப்பத்தில் நடக்கும் இப்பணியைத்தான் நம் ஊருக்கு வடக்கே ஏலூரில் ஒரு தொழிற்சாலை பேரளவில் செய்ய வந்தது. 1943இல் சர் சி. பி. இராமசாமி ஐயர் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த காலத்தில், திருச்சிச் சேஷசாயி சகோதரர்களின் முயற்சியால் தோன்றி, 1947இல் உற்பத்தி தொடங்கிய ஃபாக்ட் உரத் தொழிற்சாலையே அது. அதில் வேலை கிடைத்து உத்தியோகமண்டலில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் நம் சங்கங்களுக்கு எவ்வளவோ செய்திருக்கின்றன. ஹேபர் 1909இல் ஆய்வுக்கூடத்தில் கண்டு, போஷ் 1913இல் ஆலையில் நிறைவேற்றிய முறைப்படி அம்மோனியா செய்வதற்கு 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் 100 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தமும் வேண்டும். அதற்குரிய ஹைட்ரஜனுக்கு ஏலூரில் தொடக்கக் காலத்தில் எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? விறகு! காட்டு மரத்தை வெட்டி, வாயுவாக்கி, அதிலிருந்து பயிருக்குத் தழைச்சத்துச் செய்தார்கள். பின்னாளில் அம்முறை கைவிடப்பட்டது. நான் இதை எள்ளலாகச் சொல்லவில்லை. அந்த உரம் பல பஞ்சங்களைத் தடுத்த உரம். ஆயினும், மரத்தடியில் ஓசையின்றி நடக்கும் ஒன்றை மனிதன் செய்யப் புகும்போது எத்துணை நெருப்பு வேண்டியிருக்கிறது என்று ஏலூர்ப் புகைபோக்கிகளைக் கடக்கும்போதெல்லாம் எண்ணத் தோன்றும்.

அவரைக் குடும்பத்தைச் சேராத மா, பலா, தேக்கு, தென்னை ஆகியவற்றுக்கு இத்தகைய முண்டுகள் இல்லை. அவற்றையும் பாக்டீரியாக்கள் கைவிடுவதில்லை. உதிர்ந்த இலையை மட்கச் செய்து, அதிலுள்ள தழைச்சத்தை அம்மோனியமாக்குவது ஒரு கூட்டம். அதனை நைட்ரேட்டாக மாற்றி வேர் உறிஞ்சுதற்கு ஏற்றதாக்குவது மற்றொரு கூட்டம். அசோஸ்பைரில்லம் என்பது வேரின் மேற்பரப்பிலும் அதன் இடுக்குகளிலும் வாழ்ந்து சிறிது நைட்ரஜனைப் பிடித்துத் தருவதோடு, வேர் கிளைத்துப் பரவத் தூண்டும் பொருளையும் சுரக்கிறது. மணிச்சத்தின் கதை இன்னும் சிக்கலானது. எர்ணாகுளத்துக்குக் கிழக்கே மேடேறினால் எங்கும் செம்புரை மண். 1800இல் மலபாரில் அங்காடிப்புரத்துக்கு வந்த புக்கானன், செங்கல்போல் வெட்டி வீடு கட்டும் அந்தக் கல்லைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாலேயே அதற்குப் பெயரிட்டார். அம்மண்ணில் மிகுந்துள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிப் பூட்டி வைத்துக்கொள்கின்றன. மண்ணில் பொருள் இருக்கிறது. மரத்தின் கைக்கு எட்டுவதில்லை. சில பாக்டீரியாக்கள் அமிலங்களைச் சுரந்து அப்பூட்டைத் திறக்கின்றன. சூடோமோனாஸ் போன்ற சில, இரும்பைக் கவ்வி இழுக்கும் பொருளைச் சுரந்து, நோய்க்கிருமிகளுக்கு இரும்பு கிட்டாமல் செய்து வேரைக் காக்கின்றன. மழைக்காலத்தில் மிளகுக் கொடியைச் சில நாள்களில் வீழ்த்தும் துரித வாட்டத்தைத் தடுப்பதற்காகக் கோழிக்கோட்டு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் மிளகின் வேரடியிலிருந்தே இத்தகைய பாக்டீரியாக்களைத் தேர்ந்து வளர்த்துள்ளனர்.

தமிழகத்தில் உழவர்க்கு இவை புதியன அல்ல. வேளாண்மை விரிவாக்க மையங்களில் அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் 200 கிராம் பொட்டலங்களாகக் கிடைக்கின்றன. ஆறிய அரிசிக் கஞ்சியில் கரைத்து விதையைப் புரட்டி நிழலில் உலர்த்தி விதைப்பார்கள். இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொட்டலத்தைக் கொட்டினால் வளம் பெருகிவிடும் என்பது விளம்பரக்காரர் பேச்சு. மட்கு இல்லாத மண்ணில், வெயிலில் காய்ந்த மண்ணில், அப்பாக்டீரியாக்கள் உண்ண ஒன்றுமின்றி மடிந்துபோகும். முன்பே அங்கு வாழும் நுண்ணுயிர்களோடு போட்டியிட்டுத் தோற்பதும் உண்டு. விருந்தாளியை அழைக்குமுன் அடுப்பில் உலை ஏற்ற வேண்டும்.

மீண்டும் முருக்குக்கு வருகிறேன். தோட்டத்தில் முருக்கின் கிளைகளை ஆண்டுதோறும் கழிப்பார்கள். கொடிக்கு வெளிச்சம் கிடைப்பதற்காக என்பதே அவர்கள் சொல்லும் காரணம். கழித்த தழை கொடியின் அடியில் மட்கும். மண்ணுக்குள்ளும் அதே நேரத்தில் ஒன்று நடக்கிறது. இலையை இழந்த மரம் வேர்முண்டுகளுக்குச் சர்க்கரை அனுப்ப இயலாமையால் முண்டுகள் பலவும் வாடி உதிர்ந்து மட்க, அவற்றின் தழைச்சத்து அருகே படர்ந்துள்ள மிளகின் வேருக்குக் கிட்டுகிறது. மேலே தழையும் கீழே முண்டுமாக இருமுனையிலும் கொடிக்கு ஊட்டம்.

2005ஆம் ஆண்டையொட்டிக் கேரளத்து முருக்குகளுக்கு ஒரு கேடு வந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் அளவேயான ஒரு குளவி, இளந்தளிரிலும் காம்பிலும் முட்டையிட, அவ்விடம் வீங்கிப் புடைத்து, இலை சுருண்டு, மரம் மொட்டையாகி மெல்லச் சாகும். இக்குளவி கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பரவியது என்று கருதப்படுகிறது. 2004இல்தான் அறிவியலார் அதற்குப் பெயரே சூட்டினர். அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் மலபாரும் இடுக்கியும் வயநாடும் முருக்கை இழந்து நின்றன. 2005இல் ஹவாய்த் தீவுகளிலும் அவ்வினத்து மரங்கள் மடிந்தன. அங்கே அக்குளவியை உண்ணும் வேறொரு குளவியை ஆப்பிரிக்காவில் தேடிக் கண்டு 2008இல் விட்டார்கள். இங்கே பல தோட்டங்களில் முருக்கு நின்ற இடத்தில் சில்வர் ஓக் வந்தது. நிமிர்ந்து வளரும், பலகைக்கு விலை உண்டு. ஆனால் அதன் வேரில் முண்டு இல்லை. சீமை அகத்தியை வைத்தவர்கள் ஓரளவு தப்பினர். அதுவும் அவரைக் குடும்பமே.

அப்பெரியவரைச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டபோது, “கொடிக்கு முருக்குத்தான் தாய், ஐயா. இப்ப நிக்கிறதெல்லாம் கம்பு,” என்றார். கடும் சொல்தான். வியட்நாமில் கான்கிரீட் தூணிலும் மிளகை ஏற்றி உலகிலேயே மிகுதியாக விளைவிக்கிறார்களே என்று அவரிடம் நான் வாதாடவில்லை. தூணுக்குத் தழையில்லை, அதற்கீடான உரத்தை அவர்கள் மூட்டையில் வாங்கிக் கொட்டுகிறார்கள். போர்த்துகீசியர் மிளகுக் கொடிகளைக் கொண்டுபோகிறார்களே என்று அமைச்சர் கலங்க, திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே என்று சாமூதிரி மன்னர் சிரித்ததாக மலையாளத்தில் ஒரு கதை வழங்குகிறது. ஜூன் மாதக் கடைசியில் பெய்யும் அந்த மழை மிளகுக்கு உயிர் என்பர். மன்னர் மழையை எண்ணினார். மண்ணை எண்ணியிருந்தால் கதை இன்னும் நன்றாயிருக்கும்.

இடம் பெயர்ந்த மரங்களைப் பற்றி ஒரு சொல். நம் கடற்கரை எங்கும் நிற்கும் சவுக்கு நம் மண்ணில் தோன்றியதன்று. ஆஸ்திரேலியப் பகுதியிலிருந்து வந்தது. அவரைக் குடும்பமும் அன்று. ஆயினும் அதன் வேரிலும் முண்டுகள் உண்டு. பிராங்கியா என்னும் இழை போன்ற பாக்டீரியா அவற்றில் வாழ்ந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. வெறும் கடல் மணலில் அம்மரம் செழிப்பது அதனால்தான். இந்தப் பாக்டீரியா எல்லா மண்ணிலும் இருப்பதில்லை. எனவே சவுக்கு நாற்று வளர்ப்போர், பழைய சவுக்குத் தோப்பின் அடிமண்ணைக் கொஞ்சம் அள்ளிவந்து நாற்றங்காலில் கலப்பர். வேர்முண்டை நசுக்கி நீரில் கரைத்து ஊற்றுவதும் உண்டு. இப்போது கோயம்புத்தூர் வன மரபியல் நிறுவனத்தார் பிராங்கியாவை வளர்த்தே தருகின்றனர். பாக்டீரியாவைத் தனியே வளர்க்கும் வித்தை 1978இல்தான் கைகூடியது. ஒரு கூடை பழைய மண்ணின் அருமையை நாற்றங்கால்காரன் அதற்கு முன்பே உணர்ந்திருந்தான்.

கொச்சிக் கோட்டைப் பகுதியில் வானளாவக் கிளை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் வேறு வகை. தென்னமெரிக்கப் பக்கத்து மரமாகிய அது, தன் ஊர்ப் பாக்டீரியாவையே வேண்டி நிற்பதில்லை. இங்குள்ள மண்ணில் வாழும் பாக்டீரியாக்களோடு கூடி முண்டு அமைத்துக்கொள்கிறது. சவுக்கைப் போலவும் குடும்பங்கள் உண்டு, தூங்குமூஞ்சியைப் போலவும் உண்டு. மட்டாஞ்சேரிக்குக் கறிவேப்பிலைக் கன்றை மண்கட்டியோடு துணியில் சுற்றி இரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்த என் பாட்டி முதல் வகையைச் சேர்ந்தவர்.

இனி நான் எழுத வந்த செய்தி. எங்கள் பகுதியில் தமிழர் பேணிவரும் ஓர் ஆலயத்தின் முற்றத்தில் புங்கமரம் ஒன்று நிற்கிறது. அதன் வயது எழுபதுக்குக் குறையாது என்பர். சில ஆண்டுகளுக்கு முன் நிருவாகக் குழுவினர், மழையில் சேறாகிறது, மணமக்கள் வரும் இடம் அழகாயிருக்க வேண்டும் என்று கருதி, முற்றம் முழுவதும் சிமெண்டுப் படுகை இட்டு இன்டர்லாக் ஓடு பதித்தனர். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டார்கள். உதிரும் சருகைப் பெருக்கி மூலையில் எரித்தார்கள். மூன்றாம் ஆண்டில் புங்கின் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றலாயின. நுனிக் கிளைகள் காய்ந்தன. கிளை முறிந்து பந்தலின்மீது விழுந்தால் என்ன செய்வது, வெட்டிவிடலாம் என்று பேச்செழுந்தது.

புங்கும் அவரைக் குடும்பம். அதன் வேரிலும் முண்டு உண்டு. ஓட்டின் கீழே நடந்திருக்கக் கூடியது இது: காற்றுப் புகாமையால் முண்டுகள் ஓய்ந்தன. கசியும் மழைநீர் தேங்கிய இடத்தில், காற்றில்லாமல் வாழும் வேறு பாக்டீரியாக்கள் தலையெடுத்து, மண்ணில் இருந்த நைட்ரேட்டையும் சிதைத்துக் காற்றுக்கே திருப்பி அனுப்பின. சிமெண்டின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்க, இரும்புச்சத்து மரத்துக்கு எட்டாமற் போயிற்று; நரம்பிடை மஞ்சள் அதன் அடையாளம். சருகு எரிந்தபோது மட்கவேண்டிய தழைச்சத்தும் புகையோடு போயிற்று. வெட்டும் ஆளை அழைக்குமுன் ஓட்டை எடுத்துப் பார்க்கலாமே என்று எங்களில் நால்வர் குழுவிடம் கேட்டோம்.

குழுவில் வாதம் கடுமையாகவே நடந்தது. ஓடு பதித்த செலவுக்கு நன்கொடை தந்தவர்களின் பெயரைச் சொன்னார் ஒருவர். வேர் அடித்தளத்தைப் பெயர்க்கும் என்றார் மற்றொருவர். எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் எழுந்து, “உங்க கல்யாணமெல்லாம் இந்த மரத்து நெழல்லதானே நடந்துச்சு, அது மூச்சுவிட ஒரு பாய் அகலம் எடம் கொடுக்க முடியாதாப்பா?” என்று கேட்டார். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பற்றிப் பத்து நாள்களுக்கு மேலாகப் புகைந்து, கொச்சி நகரமே கதவடைத்து இருந்ததை அக்கூட்டத்தில் எவரும் மறந்திருக்கவில்லை. ஆகவே சருகை எரிப்பதில்லை என்பது மட்டும் மறுப்பின்றி நிறைவேறியது. ஓட்டைப் பொறுத்தவரை, மரத்தைச் சுற்றி நான்கு அடி அகலம் பெயர்ப்பது என்று முடிவாயிற்று. நாங்கள் கேட்டது கிளை நிழல் விழும் அளவு.

பெயர்த்தபோது கீழே இருந்த மண் வெளுத்து இறுகி, நாற்றமடித்தது. கடப்பாறை நுனியால் வேரைக் காயப்படுத்தாமல் கிளறி, மட்கிய சருகும், வேறோர் இடத்தில் ஓடு காணாமல் நிற்கும் புங்கின் அடியிலிருந்து அள்ளிவந்த இரண்டு கூடை மண்ணும் கலந்து பரப்பினோம். மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சருகு மூடாக்கு. அவ்வாண்டு இடவப்பாதி மழை முடிந்து பார்த்தபோது கிழக்குப் பக்கக் கிளைகளில் துளிர்த்த தழை நல்ல பச்சையாக இருந்தது. மேற்குப் பக்கம், வாசலை ஒட்டி ஓடு மீந்திருக்கும் பக்கம், இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. மேற்கிலும் ஓட்டைப் பெயர்க்க வேண்டும் என்னும் எங்கள் விண்ணப்பம் குழுவின் முன் இருக்கிறது. பந்தற்கால் எங்கே நடுவது என்பது தீர்ந்தால் அதுவும் தீரும் என்கிறார் செயலாளர்.